ஒரே தோட்டத்து இரண்டு மூட்டை

இருமல் மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் பிரித்த மூட்டையில் இருந்த தைம் என்கிற மூலிகை இலையில் தைமால் கொட்டிக் கிடந்தது. ஓமம் மாதிரி மூக்கைத் துளைக்கும் அந்தச் சரக்குதான் தொண்டைக் கிருமியை அடக்குவது. மதியம் பிரித்த மூட்டையில் அது பேருக்குத்தான் இருந்தது. அந்த இடத்தில் லினலூல் என்கிற பூ வாசனைச் சரக்கு சட்டமாக உட்கார்ந்திருந்தது. சோப்புக்கு ஆகும், இந்த மருந்துக்கு ஆகாது. இரண்டு மூட்டையும் ஒரே தோட்டம், அதுவும் அவளுடைய சொந்த அக்கா தோட்டம்.

குப்பியை மாற்றி வைத்து ஏற்கெனவே இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். அதனால் சந்தேகம் முதலில் தன் மேலேயே விழுந்தது. குடுவையைக் கழுவினாள், ஊசியை மாற்றினாள், மறுபடி இலையிலிருந்து எண்ணெய் வடித்தாள். கருவி அதே கோட்டை அசராமல் வரைந்து காட்டியது. குழம்பிப்போய் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"எல்லாம் ஒரே செடிதானேக்கா?"

"ஒரே செடிதான். மேல் பாதிக்குத் தாய்ச்செடியில கிளை ஒடிச்சு வெச்சேன். கீழ் பாதிக்குக் கிளை பத்தல, விதை வாங்கிப் போட்டேன். இலையில ஏதாவது வித்தியாசம் தெரியுதா என்ன?"

"இல்லக்கா."

"பின்ன என்ன? இந்தத் தடவையும் சரக்கு திரும்பி வந்தா நிலத்த வித்துடலாங்கிறார் உங்க மாமா. நீ பாக்கறன்னுதான் தைரியமா இருக்கேன்."

அவள் போனை வைத்தாள். கிளையில் தாயின் குணம் அப்படியே வரும். விதைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இலை அச்சு அசலாக இருந்தாலும் உள்ளே ஊறும் சரக்கு வேறாகிவிடலாம். இதைப் படித்துத்தான் பாஸ் செய்திருந்தாள்.

மேலாளர் வந்து இரண்டு தாளையும் பார்த்தார்.

"ரெண்டாவது உங்க கைப்பிழையா இருக்கும், வழக்கம்போல. அத அடிச்சுட்டு முதல் ரிசல்ட்டையே எழுதிடுங்க."

எழுதிவிட்டால் அக்கா பிழைத்தாள். மருந்து குடிப்பவர் யாரோ கொஞ்ச நாள் கூடுதலாக இருமுவார், அவ்வளவுதான். அவ்வளவுதானா? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தப்பு தன்னுடையதாக இருக்கக் கூடாதே என்று தினமும் வேண்டுகிறவள், இன்றைக்கு மட்டும் இருந்து தொலைக்கட்டுமே என்று வேண்டினாள்.

"இல்ல சார்," என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "இந்தத் தடவை நான் எந்தத் தப்பும் பண்ணல."

"பரவாயில்லையே, தேறிட்டீங்க," என்று மேலாளர் பாராட்டினார்.