காம்பு நீண்ட வெள்ளரி

காய் வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் காயைப் பார்ப்பதில்லை, அதன் பூர்வீகத்தை விசாரிக்கிறார்கள். என்ன உரம், என்ன மருந்து, எப்போது அடித்தது என்று குடைகிறார்கள். என் மகளைக் கேட்டு வந்த சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு துருவவில்லை என்று முணுமுணுத்தபடியே பெரியவர் வெள்ளரியை அடுக்கினார்.

எல்லாம் எதிர்மேசைக்காரியால் வந்த வினை. சனிக்கிழமைச் சந்தையில் அவள் கடை போட்டு மூன்று மாதம் ஆகிறது. மருந்தே தெளிக்காத காய் என்று ஓர் அட்டையை எழுதித் தொங்கவிட்டிருந்தாள். பெரியவர் எழுத்துக் கூட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பக்கத்தில் நின்ற தபால்காரர்தான் படித்துச் சொன்னார். அவள் காய்களில் ஓட்டையும் கோணலும். அதைப் போய் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

புழு தின்று மீந்ததை விற்பதற்கு அட்டை வேறு கேடா என்று இவர் காதுபடச் சொல்வார். "புழுகூட வேண்டாம்னு விட்டதைத்தானே நீங்க விக்கிறீங்க பெரியப்பா" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். ஏழு மாத வயிறு. வாய் மட்டும் ஓயவில்லை.

பெரியவரிடமும் ஒரு வித்தை இருந்தது. யாராவது மருந்து என்று வாயெடுத்தால் போதும், குவியலின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளரியை எடுத்து, கழுவாமல் கடித்து மென்று காட்டுவார். எழுபத்திரண்டு வயதாகிறது, நான் செத்தா போய்விட்டேன் என்பார். அந்த ஓரத்துக் காய்கள் மட்டும் அடையாளத்துக்குக் காம்பு நீளமாக விட்டுப் பறித்தவை. கிணற்றடியில் வீட்டுக்கென்று மனைவி ஒதுக்கிய இரண்டு பாத்தியில் காய்த்தவை. அங்கே மருந்து டப்பாவோடு போனால் அன்றைக்குச் சோறு கிடையாது என்று அவள் சொல்லிவிட்டாள். இவரும் மறுத்துப் பேசவில்லை. ஏன் மறுக்கவில்லை என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டதுமில்லை.

இந்த வாரம் ஒரு காயில்கூடப் பூச்சி வாய் வைத்திருக்கக் கூடாதென்று வியாழக்கிழமை சாயங்காலம் கூடுதலாக ஒரு தெளிப்பு அடித்திருந்தார். அடித்தால் ஒரு வாரம் பறிக்காதே என்று பூச்சிமருந்துக் கடைக்காரன் சொல்லித்தான் கொடுத்தான். அவன் பேச்சையெல்லாம் கேட்டால் காய் முற்றிப் போகும்.

பத்து மணிக்கு நல்ல கூட்டம். தபால்காரர் மூன்று வெள்ளரியைப் பையில் போட்டுக்கொண்டு, மருந்து அடித்ததா என்று வழக்கம்போலச் சீண்டினார். பெரியவர் காம்புக் காய் ஒன்றைக் கடித்துவிட்டு எதிர்மேசையைப் பார்த்தார்.

"அந்தம்மாவை ஒரு கடி கடிக்கச் சொல்லுங்க பார்ப்போம்."

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே வந்தாள். "நீங்களே திங்கிறீங்க. உங்க வயசை நம்பித் திங்கிறேன்" என்று குவியலின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து, துணியில் துடைத்து, வாய்க்குக் கொண்டுபோனாள்.

அவர் கை அவரைக் கேட்கவில்லை. பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டது. வெள்ளரி தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

தபால்காரர் பையிலிருந்த மூன்றையும் எடுத்துக் குவியலில் திரும்ப வைத்தார். அவள் ஓரத்தைப் பார்த்தாள், காம்புகளைப் பார்த்தாள். அவளும் பயிர் வைக்கிறவள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எப்ப அடிச்சீங்க பெரியப்பா?"

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். அவள் மெல்லக் கேட்டாள்.

"முந்தாநாள்" என்றார்.

காலையில் வாங்கிப் போனவர்களின் முகம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. கைக்குழந்தையோடு வந்தவளின் முகம் நகராமல் நின்றுவிட்டது. காய்களைச் சாக்கில் அள்ளினார், காம்புக் காய்களையும் சேர்த்து. தலை நிமிராமல் தபால்காரரிடம், "உனக்குத்தான் எல்லார் வீடும் தெரியுமே. திங்க வேணாம்னு சொல்லிடு" என்றார். தன் குரல் தனக்கே கேவலமாகக் கேட்டது.

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்தார். முதுகு முழுக்கக் கண்கள். மருந்தில்லாமல் விளைந்தால் இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கூடக் காணாது, அவள் ஒரு மேசைக் காய் எத்தனை வயிற்றை நிரப்பும் என்று பல்லுக்குள் சொல்லிக்கொண்டார். அது இப்போதும் அவருக்குச் சரியாகத்தான் பட்டது. திரும்பிப் போய் அதைச் சொல்லத்தான் முகமில்லை.