அன்னப்பூரணி வீட்டு ரொட்டி

முப்பது வருசமாக ஒரு ரொட்டியோடு குடும்பம் நடத்தியவள் நான். சிரிக்காதீர்கள். என் வீட்டுக்காரர் ஸாஹிர் ஏறாவூரிலிருந்து புடவை மூட்டை கட்டிக்கொண்டு மலைத்தோட்டங்களுக்கு வியாபாரம் போனவர். மாதத்தில் பத்து நாள் மலை, மிச்சம் வீடு. வீட்டில் நிற்கும் நாட்களில் வாவி இறாலைத் தேங்காய்ப்பாலில் ஆக்குவேன், இடியப்பம் அவிப்பேன், கோழி அறுத்து ஆணம் காய்ச்சுவேன். மனுசன் கோப்பையை வழித்துத் தின்றுவிட்டுக் கை கழுவும்போது சொல்வார்:

"என்னதான் சொல்லு புள்ள, மேற்கணக்குல அன்னப்பூரணி சுடுற ரொட்டி மாதிரி வராது."

மேற்கணக்கு, லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் இருக்கும் ஊர். அங்கே இவர் மூட்டையை இறக்கித் தங்கும் வீட்டுக்காரிதான் அன்னப்பூரணி, கொழுந்து பறிக்கிறவள். புருசன், மாமியார், ஐந்து பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள். அதனால் எனக்கு வேறு சந்தேகம் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ரொட்டியைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு நாளாவது இந்த வாய் "ஸஹீதா, நல்லாரிக்கி" என்று சொல்லாதா என்று காத்துக் காத்து எனக்கு அறுபத்திரண்டு வயதாகிவிட்டது.

போன வருசம் நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு இவருக்குப் பாரிசவாதம் வந்தது. கால் தப்பியது. வலக்கையும் பேச்சும் போயின. இப்போது "ம்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இனிப் பேச்சுத் திரும்பாது என்று டொக்டர் சொன்ன அன்று குசினிக்குள் நின்று அழுதேன். பாதி இவருக்காக அழுதது. மீதிப் பாதி, அந்த ஒரு சொல் இனி வரவே வராதே என்று. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

மகள் ஸுஹைனாதான் பயணத்தைக் கிளப்பினாள். ஃபோனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

"உம்மா, இப்ப எல்லாரும் மலையில நடக்கப் போறாங்க. வாப்பாட மேற்கணக்குல அடுத்த கிழம தேர்த் திருவிழாவாம். ஒருக்காக் கூட்டிட்டுப் போவமா?"

"மலையும் வேணாம், மண்ணும் வேணாம்" என்றேன். அடுத்த நிமிசம் மனம் மாறியது. "சரி, போவம். அந்த ரொட்டியில அப்பிடி என்னத்தப் போடுறா எண்டு பாத்துட்டு வாறன்."

வெறுங்கையோடு போகக்கூடாதென்று இறால் சம்பல் ஒரு போத்தல் செய்து எடுத்துக்கொண்டேன். செங்கலடியால் ஏறி, மகாஓயா, பிபிலை தாண்டி, லுணுகலை வரும்போதே காது அடைத்துவிட்டது. நாங்கள் ஏறி வந்த வான் ஓரிடத்தில் நின்றது. அதற்கு மேலே தேயிலைக்குள்ளால் குறுக்குப்பாதை, நடைதான். பத்தடி வைப்பதற்குள் என் முழங்கால் இரண்டும் என்னோடு சண்டை பிடித்தன. கணுக்காலில் அட்டை ஏறியதைப் பார்த்துவிட்டு நான் போட்ட கூச்சலில் கொழுந்து பறித்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பார்த்தவர்கள் என்னை விட்டுவிட்டார்கள். "அடியே, புடவைக்கார நானா வர்றாருடி!" என்று ஒருத்தி கத்தினாள். அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி இவரை அங்கே எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்களாம். இவர் இடக்கையில் பொல்லை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். ஒவ்வொரு வளைவிலும் நின்று, திரும்பி, எனக்குக் காட்டினார். பாறையிலிருந்து கொட்டும் ஒரு பீலித் தண்ணீர். ஒரு கொய்யா மரம். மூட்டையைச் சாய்த்து இளைப்பாறும் கல். இந்தப் பனிக்குள், இந்த ஏற்றத்தில், முதுகில் அத்தனை பாரத்தோடு நடந்த மனுசனை, உல்லாசமாக ரொட்டி தின்கிறார் என்று நான் முப்பது வருசம் கறுவியிருக்கிறேன்.

ஊருக்குள் தப்பு மேளச் சத்தம் காதைப் பிளந்தது. வாசல்களுக்கெல்லாம் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். அன்னப்பூரணி ஒல்லியாக, தலை முழுக்க நரைத்து, வாசலுக்கு ஓடிவந்தாள். இவருடைய விழுந்துபோன வலக்கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஸஹீதாக்கா. சொல்லவே வேணாம்."

சம்பல் போத்தலை வாங்கி மோந்து பார்த்தாள். "கொடி ஏத்துனதுல இருந்து கவுச்சி இல்லக்கா. தேரு முடியட்டும், ஒரு புடி புடிக்கிறேன்" என்று வெளிச் சுவர்த் தட்டில் பத்திரமாக வைத்தாள்.

ரொட்டி சுட்டாள். நான் கண் வெட்டாமல் பார்த்தேன். கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு. வேறு ஒரு மண்ணும் இல்லை. மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பலோடு சுடச்சுடத் தந்தாள். கடித்தேன்.

ரொட்டிதான். வெறும் ரொட்டி. ஓரம் கருகி, நடு தடித்து, உப்புச் சற்றுக் கூடி. அல்லாவே, இதற்கா! இவரைத் திரும்பிப் பார்த்தேன். தலை குனிந்து பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள் அன்னப்பூரணி. நான் வாய் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள். "சும்மா உள்ளதச் சொல்லுங்க. எனக்குப் பழகிப்போச்சு. நானா என் கையால தின்னுட்டுக் கை கழுவுறப்போ ஒரே பேச்சுதான். 'என்னதான் சொல்லு தங்கச்சி, எங்கட ஸஹீதா ஆக்குற இறால் மாதிரி வராது.' ஒரு நாளு இறாலு, ஒரு நாளு இடியப்பம். ஒங்க பேரக் கேட்டாலே அடுப்புல தண்ணிய ஊத்திரலாம்னு வரும்."

ஸுஹைனாவுக்குப் புரையேறியது.

"திருப்பிச் சொல்லுங்க" என்றேன்.

சொன்னாள்.

"இன்னொருக்கா."

அவருடைய குரலிலேயே சொன்னாள், முன்னால் தொண்டையைச் செருமுவதுகூடத் தப்பவில்லை. நான் அழுதேன். அழுதுகொண்டே இவருடைய தோளில் அடித்தேன். "படுபாவி மனுசா, அத எனக்கிட்டச் சொன்னா வாய் வெந்திருமா?" இவர் "ம்" என்றார். கண் நிறைந்திருந்தது.

அன்னப்பூரணி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். குரல் இறங்கிவிட்டது. என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

"நம்ம ரொட்டியப் பத்தி அங்க எப்பவாச்சும் ஏதாவது சொல்லுவாராக்கா? இல்ல, சும்மாதான் கேட்டேன்."

இவர் தின்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். சொல்லக்கூடிய வாய் அங்கே என்னுடையது ஒன்றுதான். "இல்லையே" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு வந்திருக்கலாம். வரும் வழியெல்லாம் எனக்கு அந்த வெறிதான் இருந்தது.

பாயில் நன்றாகக் காலை மடித்து உட்கார்ந்தேன்.

"கேளுங்க தங்கச்சி" என்றேன். "இந்தா நிக்கிறாளே, இவள்ட கலியாணம். கிடாய் அறுத்துப் புரியாணி ஆக்கி ஊரே நாக்க நக்கிச்சு. சபைக்கு நடுவுல எழும்பி நிண்டு இந்த மனுசன் ஒங்கட ரொட்டியச் சொன்னாரு. நான் மூணு நாள் இவரோட பேசல்ல."

அன்னப்பூரணி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. வெளியே தேர் இழுக்க ஆட்களைக் கூப்பிட்டார்கள். அவள் எழும்பவில்லை. "அப்புறம்?" என்றாள். நான் அடுத்ததைச் சொன்னேன்.