பாகத்தில் விட்டுப்போன நாய்

பாகம் பிரித்த அன்று ஒன்றையும் விடாமல்தான் பிரித்தார்கள். கீரைப் பாத்தி, கத்தரிக் கொல்லை, தென்னை, மாடு, மண்வெட்டி, இட்லிக் குண்டான் வரைக்கும் இது அண்ணன் கேசவனுக்கு, அது தம்பி துரைராஜுக்கு என்று சொந்தக்காரப் பெரியவர்கள் உட்கார்ந்து கை காட்டினார்கள். கிணறு ஒன்றே ஒன்று என்பதால் அதை மட்டும் பொதுவில் விட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறைத்தண்ணீர் என்று முடித்தார்கள். பெரியவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுத் தாம்பரம் பஸ்ஸைப் பிடிக்கப் போன பிறகுதான் மாட்டுக் கொட்டகையிலிருந்து நாய் சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தது. அதை யாருக்கும் கொடுக்கவில்லை. ஒருத்தருக்கும் ஞாபகமே வரவில்லை, போங்கள்!

நாயின் பெயர் தாசில்தார். விடிந்ததும் வரப்பு வரப்பாக நடந்து, நிலத்தின் நான்கு மூலைக் கல்லையும் மோந்து பார்த்து, ஒவ்வொன்றின் மேலும் காலைத் தூக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற வழக்கத்தைப் பார்த்து துரைராஜ் வைத்த பெயர் அது. கோவிலம்பாக்கம் ஏரியை ஒட்டி இருந்த அந்தத் துண்டு நிலத்தின் நடுவே கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்தாயிற்று. சரி, அது மனிதர்களுக்கு. தாசில்தாரை யார் கேட்டார்கள்? மறுநாள் காலையில் அது கம்பிக்கு அடியில் மண்ணைப் பறித்து அந்தப் பக்கம் நுழைந்து, பாக்கி இரண்டு கல்லையும் பார்த்துவிட்டு, துரைராஜ் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

கேசவன் மனைவி கிளியம்மாள் அதைக் கட்டிப்போட்டுப் பார்த்தாள். தேங்காய் நார்க் கயிறா, ஒரு பொழுதில் மென்று துப்பியது. கடையில் வாங்கிய பெல்ட்டா, காதை மடித்து, பின்னுக்கு நகர்ந்து, சட்டை கழற்றுகிற மாதிரி கழற்றி வைத்துவிட்டுப் போனது. பள்ளத்தில் செங்கல்லை அடைத்தால் அடுத்த கல்லுக்கால் ஓரமாகப் புதிதாகத் தோண்டியது. அந்தப் பக்கம் துரைராஜ் மனைவி புஷ்பமும் அதைக் கட்டித்தான் பார்த்தாள். அங்கிருந்தும் தப்பியது. இரண்டு வீட்டுக்கும் ஓர வஞ்சனை இல்லாத நாய் அது. நடுநடுவே ரோட்டு முனையில் இருக்கும் கலீலின் டீக்கடைக்குப் போய் ஒரு பொறை ரொட்டியும் தின்றுவிட்டு வரும்.

அண்ணன் தம்பி சண்டை எதில் ஆரம்பித்தது என்றால் சிரிப்பீர்கள். கிணற்று மோட்டாரை நிறுத்தாமல் விட்டு அதன் காயில் கம்பி எரிந்துபோனது யாரால் என்பதில். நான் இல்லை, நீதான், நீ இல்லாமல் யார் என்று வளர்ந்து, வேலியில் வந்து நின்றது. அந்த ஆத்திரத்தில் கிளியம்மாளும் நாலு பேர் முன்னால், "இனிமே அந்த வூட்டு வாசப்படிய மிதிச்சா என்ன கிளியம்மான்னு கூப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வார்த்தையைத் திரும்ப அள்ள முடியுமா? அவள் மருமகளாக வந்தபோது துரைராஜ் அரை நிஜார் போட்டிருந்தான். பள்ளிக்கூடம் விட்டுப் பையோடு ஓடி வருகிறவனை அவள் முதலில் கேட்பது, "தொர, சாப்டியா?" என்றுதான். அந்தக் கேள்வி இப்போது தொண்டையோடு நின்றுவிட்டது. அதை நினைத்தால் அவளுக்கு அழுகை வரும், அழுகையை மறைக்கக் கோபமும் வரும்.

அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்களே தவிர, ஜாடையை நிறுத்தவில்லை. அதற்கு நாய் இருந்தது.

"இங்க தின்னுட்டு எவன் வூட்லயோ போய் வாலாட்டறியே, ரோஷம் கீதா உனக்கு?" என்பார் கேசவன், வேலிக்கு அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்படி.

"வாடா ராஜா. உன் பெரியப்பன் வூட்ல வெறும் கஞ்சித்தண்ணிதான் ஊத்தறாங்களா? எளச்சிப் பூட்டியே!" என்பான் துரைராஜ்.

காரியப் பேச்சும் அதன் வழியாகவே நடந்தது. "டேய் தாசில்தார், நாளைக்கி கரண்ட் இல்லியாம். மொறத்தண்ணிய மாத்திக்கலாமான்னு உன் பெரியப்பன கேளு." உடனே இந்தப் பக்கத்திலிருந்து, "மாத்திக்கச் சொல்லுடா" என்று பதில் போகும். நடுவில் நாய் வாயைப் பிளந்துகொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும்.

ஒரு நாள் தாசில்தார் அந்தப் பக்கமே படுத்துவிட்டது. கேசவனுக்குப் பொறுக்கவில்லை. மேய்ச்சல் தப்பும் மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி அதன் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிட முடிவு செய்தார். முதலில் எடுத்தது புளியங்கட்டை.

"அத்தப் போய் கட்டுவியா? கழுத்து இன்னாத்துக்காவறது? உனக்கு உன் தம்பி மேல கோவம்னா நாய் இன்னா பண்ணும்?" என்று கிளியம்மாள் பிடுங்கிப் போட்டாள். கல்யாண முருங்கையில் ஒன்றை அவளே தேடிக் கொடுத்தாள். பஞ்சு மாதிரி இலேசான கட்டை. தாசில்தார் அதையும் மாட்டிக்கொண்டு, வேலிக்கு அடியில் கட்டையை முதலில் தள்ளி, பிறகு தான் நுழைந்து போனது. போகிற இடமெல்லாம் லொடக் லொடக் என்று சத்தம். கேசவன் தலையில் அடித்துக்கொண்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது அந்த வாரத்தில்தான். கீரைப் பாத்தியெல்லாம் சேறு. நாய் வீட்டில் இல்லை. அங்கே இருக்கும் என்று கிளியம்மாள் நினைத்தாள். மறுநாளும் வரவில்லை. 'கட்டிப்போட்டுட்டா. கறிச் சோறு வச்சி மயக்கிட்டா' என்று புஷ்பத்தின் மேல் கறுவிக்கொண்டாள். கேசவனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அங்கியே கெடக்கட்டும். நான் போய் கேக்க மாட்டேன்" என்றார். அவர் கேட்கவில்லை என்பது சரி. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு ஜாடை வரவில்லையே, ஒரு குத்தல் வரவில்லையே! நாயைப் பிடித்து வைத்துக்கொண்டவன் இத்தனை நேரம் சும்மா இருப்பானா? அது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பால் கொடுக்கக் கலீல் கடைக்குப் போனபோதுதான் தோன்றியது.

"இன்னா அண்ணி, நம்ம தாசில்தாரு லீவா? முந்தாநாள்லேர்ந்து ஆளக் காணோம். பொறைய எடுத்து வச்சிக்கினு கீறேன்" என்றான் கலீல்.

கிளியம்மாள் மேலே கேட்க நிற்கவில்லை. பால் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். வேலி ஓரம் புஷ்பம் மழைக்கு ஒதுக்கிய விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். எப்படிக் கேட்பது? பேசுவதற்கு நாய் இல்லை. கிளியம்மாள் பக்கத்தில் கட்டியிருந்த பசுவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"ஏ லச்சுமி, நாய அந்த வூட்ல கட்டி வச்சிக்கீறாங்களான்னு கேளு. கட்டியிருந்தா பரவால்ல. உசுரோட கீதான்னு மட்டும் சொல்லச் சொல்லு."

புஷ்பத்தின் கையிலிருந்த விறகு கீழே விழுந்தது. அவள் பசுவையும் பார்க்கவில்லை, கன்றையும் பார்க்கவில்லை. "ஐயோ அக்கா! உங்க வூட்ல இல்லியா? நீங்க கட்டி வச்சிட்டீங்கன்னு இல்ல நாங்க நெனச்சிக்கினு கீறோம்!" என்றாள்.

இரண்டு வீட்டு வீம்பும் சேர்ந்து இரண்டு நாளாக ஒரு வாயில்லா ஜீவனைத் தேடாமல் விட்டிருக்கிறது. கிளியம்மாளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வாசப்படியாவது மண்ணாங்கட்டியாவது என்று அந்த வீட்டுக்குள்ளேயே புகுந்து, கூடத்தைத் தாண்டி, பின்பக்கம் கயிறு திரித்துக்கொண்டிருந்த துரைராஜைக் கிளப்பினாள். கேசவனும் விஷயம் கேட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அண்ணன் முன்னால், தம்பி இருபது அடி பின்னால், நடுவில் பெண்கள் இருவரும். மழை தூறிக்கொண்டே இருந்தது.

ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் புதிதாக வீட்டுமனை லே-அவுட் போட்டிருந்தார்கள். "தாசில்தார்! டேய் தாசில்தார்!" என்று நாலு பேரும் கத்திக்கொண்டு போனதும், கொட்டகைக்குள் பீடி பிடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் ஏகநாதன் பதறிப்போய்ச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தான். "ஐயா எங்க? ஜீப்பு எங்க?" நாய் என்று தெரிந்ததும் அவனுக்கு மூச்சு வந்தது. "நாயா? பின்னால குழிங்க கீதே, அந்தாண்டேர்ந்து காலைல இன்னமோ மொனகற சத்தம் வந்துச்சி. மழைல நான் எங்க போய் பாக்கறது?" என்றான்.

செப்டிக் டேங்குக்குத் தோண்டிப் போட்ட குழி அது. மழைக்கு வேலை நின்றுபோய், பாதிக்கு மேல் செந்தண்ணீர். அதன் நடுவில் தாசில்தார். முன்னங்கால் இரண்டையும் கழுத்துக் கட்டையின் மேல் போட்டு, முகவாயை அதன் மேல் வைத்து, கண்ணை மட்டும் திறந்துகொண்டு மிதந்தது. அவர்களைப் பார்த்ததும் வாலை ஆட்டியது போல. தண்ணீர்தான் கொஞ்சம் கலங்கியது.

கேசவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனார். அவருக்கு ஏற்கெனவே முட்டி வலி. கயிற்றை எடுத்துக்கொண்டு வந்த துரைராஜ் ஓரத்தில் நின்று குழிக்குள் பார்த்துச் சொன்னான்: "டேய் தாசில்தார், உன் பெரியப்பன எறங்க வாணாம்னு சொல்லு. வழுக்கிக்கும். நான் எறங்கறேன்."

கேசவனும் குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, "அவன் எறங்கனா கயித்த யாரு புடிக்கறதாம்? கேளுடா" என்றார்.

கிளியம்மாளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "அடப் பாவிங்களா! அது சாவக் கெடக்குது, இன்னும் அதுகிட்டயே தூது விட்டுக்கினு கீறீங்களே! உங்களுக்கு மூஞ்சி இல்லியா? காது இல்லியா? ஒரு மோட்டாருக்காக இன்னும் இன்னா இன்னாத்தடா சாவ வுடப் போறீங்க?" என்று கத்தினாள். கத்தி முடித்து அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள்.

துரைராஜ் தலை குனிந்து கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டான். மறு முனையை நீட்டினான்.

"அண்ணா, இறுக்கிப் புடி."

"புடிச்சிக்கினுதான்டா கீறேன்" என்றார் கேசவன். "நீ பாத்து எறங்கு."

மேலே கொண்டுவந்து போட்டபோது தாசில்தாருக்கு நிற்கத் தெம்பில்லை. கேசவன் குந்தி உட்கார்ந்து கழுத்துக் கயிற்றை அறுத்தார். கட்டையைத் தூக்கி எறியப் போனவர், எறியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். துரைராஜ் நாயைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து, அண்ணன் வீட்டுக் கொட்டகையில் வைக்கோலைப் பரப்பிப் படுக்கவைத்தான். புஷ்பம் பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தாள். துரைராஜ் அதன் தலையைத் தடவிவிட்டு எழுந்தான். பிறகு புஷ்பத்தோடு போய்விட்டான். கேசவனும் கூப்பிடவில்லை. சேர்ந்து தூக்கியது நாயைத்தானே, மற்றதெல்லாம் அப்படியே கிடக்குமோ என்று கிளியம்மாள் மனசு அடித்துக்கொண்டது.

விடிந்து பார்த்தால் வைக்கோல் காலி. எழுந்திருக்கவே முடியாமல் கிடந்த நாய்! கிளியம்மாள் கொட்டகையைச் சுற்றி ஓடினாள். "ஐயோ, மறுபடியும் காணமே!" என்று வாயைத் திறப்பதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அண்ணி!"

நாயை இல்லை, பசுவை இல்லை. அவளைத்தான்.

"தேடாதீங்க அண்ணி. இங்கதான் கீது. வந்து படுத்துக்கினு கீது."

அவள் வேலிக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லுக்கால் ஓரமாகப் புதுப் பள்ளம், ஈர மண் இன்னும் காயாமல் இருந்தது.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றாள். பிறகு, "தொர, நீ சாப்டியா?" என்றாள்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இன்னும் இல்ல, அண்ணி."