படியில் உட்கார்ந்த கான்கிரீட் மனிதர்

நூலகத்தின் நடுவே ஓர் அகன்ற படிக்கட்டு. ஏறுகிறவர்கள் ஏறலாம், மற்றவர்கள் அதிலேயே உட்கார்ந்து படிக்கலாம். மாடல் அக்கா அதைக் கணினியில் கட்டி முடித்த நாளில் அலுவலகமே எழுந்து வந்து பார்த்தது. இன்று அதன் தலை தப்புமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

மண்ணில் எழும்பப் போகும் கட்டடத்தை முன்கூட்டியே கணினியில் கட்டிப் பார்ப்பது அக்காவின் வேலை. அந்த மாடலிலுள்ள சிமென்ட், கம்பி, கண்ணாடி எல்லாவற்றையும் மென்பொருளைக் கொண்டு அளந்து, கட்டி முடிப்பதற்குள் எவ்வளவு கார்பன் காற்றில் சேரும் என்று சொல்வது பக்கத்து மேசைப் பொறியாளரின் வேலை. அதனால் அவர் பெயர் கரியார். நகராட்சி ஒரு வரம்பு வைத்திருந்தது. நூலகம் அதைத் தாண்டி நின்றது.

முதலாளி வந்து திரையைப் பார்த்தார். சுவரிலும் கூரையிலும் கைவைக்க முடியாது, படிக்கட்டைத் தூக்கிவிட்டு மூலையில் ஓர் இரும்புப் படி போடுங்கள், மாலைக்குள் அனுப்பியாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவுக்குக் கோபம் வந்தால் மௌஸ்தான் சத்தம் போடும்.

அந்தச் சத்தம் கரியாருக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றாக மறைத்துப் பார்ப்போம், கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும் என்றார். கூரையை மறைத்தார்கள், எண் இறங்கியது. பிறகு சுவர்கள், தளங்கள். கடைசியில் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ள, படிக்கட்டு. கட்டடமே காணாமல் போயிற்று. எண் மட்டும் பூஜ்யத்துக்கு வர மறுத்தது.

வெள்ளைத் திரையில் ஆட்கள் மட்டும் மிச்சமிருந்தார்கள். இல்லாத படிகளில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மீசை, ஒரே தொப்பை.

கரியார் திரையருகே குனிந்தார். "அக்கா, இது நம்ம மாமா இல்ல?"

மென்பொருளோடு வரும் மனித உருவங்கள் எல்லாம் ஓட்டப்பந்தயத்துக்குக் கிளம்பியவை மாதிரி இருந்தன. நூலகத்துக்கு வருகிற முகமாக ஒன்றுகூட இல்லை. ஆகவே அக்கா தன் கணவரையே வரைந்து, நகலெடுத்துப் படியெங்கும் உட்காரவைத்திருந்தார். வரைய வசதியென்று தூணுக்கான கருவியை எடுத்ததுதான் வினை. மென்பொருளுக்கு அவர் தூண். தூண் என்றால் கான்கிரீட். உச்சந்தலையிலிருந்து செருப்பு வரை கெட்டியாக.

"உள்ள கம்பியும் போட்டிருக்கு," என்றார் கரியார். "மாமாவ எந்தப் புயலும் அசைக்காது."

மாமாக்களை நீக்கிவிட்டுக் கட்டடத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். படிக்கட்டோடு சேர்த்தே எண் வரம்புக்குள் அடங்கியது.

விஷயம் கேட்ட முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. ஆட்களை நீக்குவானேன், மரம் என்று மாற்றிவிடலாமே? மரம் கார்பனைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும், கணக்கு இன்னும் இறங்குமே.

"இறங்கும் சார். கூட்டம் கூடக்கூட நூலகம் காடாயிடும்," என்றார் கரியார்.

முதலாளி தேவைக்குச் சற்று அதிகமாகவே யோசித்துவிட்டு, ஆட்கள் இல்லாமல் அப்படியே அனுப்புங்கள் என்றார். படிக்கட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மௌஸ் அமைதியானது.

வீட்டில் கணவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"அப்ப, என்னைத் தூக்கினதாலதான் படி தப்பிச்சுதா?"

"ஆமா."

"கட்டி முடிச்சதும் ஒரு தடவை போய் உக்காரலாமா?"

"தாராளமா உக்காருங்க. நேர்ல வந்தா கணக்குல சேராது."

அவர் நிம்மதியாக இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.