ரெண்டு கையும் சேத்து

பஷீராவின் தம்பி சுஃபியான் செய்த மாபெரும் குற்றம் இதுதான்: பெருங்களத்தூரில் ஒரு கொய்யாப்பழ வண்டியை எஸ்.ஐ. எட்டி உதைத்துக் கவிழ்த்ததைத் தன் செல்போனில் வீடியோ எடுத்தான். நாட்டுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறென்ன வந்துவிடப் போகிறது? அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனில் முதல் வேலையாகப் போனைப் பிடுங்கி அந்த வீடியோவை அழித்தார்கள். அடுத்த வேலையாக அவனையே வீடியோ எடுத்தார்கள்.

அதற்குப் பெயர் மன்னிப்பு வீடியோ. இன்ஸ்பெக்டர் ஜெபசீலனுக்கு அதில் தனி மோகம். பைக்கில் வீலிங் செய்தவன், குடித்துவிட்டு ரகளை செய்தவன் என்று யார் மாட்டினாலும் சுவரோரம் நிறுத்தி, இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொல்லவைத்து, புலி உறுமுகிற மாதிரி ஒரு மியூசிக்கைச் சேர்த்து, ஸ்டேஷனின் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுவார். ஓரத்தில் மீசையோடு அவர் படமும் இருக்கும். லைக் பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு போலீஸ்காரர் உண்டு. திருட்டுப்போன பைக்கைத் தேடத்தான் ஆள் கிடையாது.

சுஃபியான் நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்டிருக்கிறான். அவனுக்குத் தெரிந்த பணிவு அது. ஜெபசீலனுக்கோ அது திமிராகத் தெரிந்தது. "ரெண்டு கையும் சேத்து, நல்லா தூக்கிக் கும்பிடுடா" என்று திருப்தி வரும்வரை திரும்பத் திரும்ப எடுத்தார்.

இரவெல்லாம் போனை எடுக்காத தம்பியைப் பற்றி பஷீராவுக்குக் கிடைத்த முதல் செய்தியே அந்த வீடியோதான். பக்கத்து வீட்டு ஜெயக்கொடி அதை டவுன்லோடு செய்து, சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக ஒட்டி அனுப்பியிருந்தாள். பஷீரா போட்டது போட்டபடி கிளம்பினாள். ஸ்டேஷனுக்கு ஓடினால், ஆள் ஆஸ்பத்திரியில் என்றார்கள். அங்கே வலது கையில் மாவுக்கட்டோடு கிடந்தான்.

எஸ்.ஐ.யை அடித்துவிட்டு ஓடினானாம். பீர்க்கன்கரணை ஏரிக்கரைச் சுவரிலிருந்து குதித்துக் கையை உடைத்துக்கொண்டானாம். அப்புறம்தான் இவர்கள் போய்ப் பிடித்தார்களாம். போலீஸிடம் மாட்டுகிறவன் எல்லாம் எங்கேயாவது விழுந்தே தீருகிறான். ஒழுங்காக நடக்கத் தெரியாதவர்கள்தான் குற்றம் செய்கிறார்கள் போலிருக்கிறது.

நடந்ததை சுஃபியான் மெதுவாகச் சொன்னான். "வீடியோ முடிஞ்சதும், என் போனக் குடுங்க சார்னு கேட்டேன்க்கா. இன்ஸ்பெக்டரு லத்திய எடுத்துட்டாரு."

சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் ஆஸ்பத்திரிக்கே வருவார். ரிமாண்ட் போட்டுவிட்டால் நேரே புழல் ஜெயில். ஏ.சி. மெக்கானிக்கான அவன் கை, சரியான வைத்தியம் இல்லாமல் அங்கே கிடந்தால் அப்புறம் எதற்கு உதவும்? பஷீரா பிடித்துவந்த வக்கீல் டெபோராவோ, போலீஸ் சொல்வதை மறுக்க ஏதாவது சாட்சி வேண்டுமே என்று தவித்தாள்.

பஷீரா அழுதுகொண்டே அந்த வீடியோவை மறுபடி போட்டாள். தம்பியின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். அங்கே இரண்டு கைகளும் முழுசாக, ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

அடப் பாவிங்களா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பிடிபடும் முன்பே உடைந்த கை, ஸ்டேஷனுக்கு வந்து எப்படிக் கும்பிட்டது?

மதியத்துக்குள் ஸ்டேஷனிலும் யாருக்கோ புத்தி வந்து இன்ஸ்டாவிலிருந்து வீடியோவை எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன பிரயோஜனம்? ஜெயக்கொடியின் கொழுப்பு பஷீராவின் போனில் பத்திரமாக இருந்தது.

மாஜிஸ்ட்ரேட் அம்மா வார்டுக்கு வந்ததும் ஜெபசீலன் சுவர்க் கதையைத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தார். பிடிக்கும்போதே கை உடைந்திருந்ததா என்று டெபோரா கேட்டாள். சந்தேகமே இல்லை என்றார். அதற்கப்புறம்தான் அவள் பஷீராவின் போனை மாஜிஸ்ட்ரேட்டிடம் நீட்டினாள். வார்டு முழுக்கப் புலி உறுமியது.

"இத எங்க எடுத்தீங்க, இன்ஸ்பெக்டர்?" என்று கேட்டார் மாஜிஸ்ட்ரேட்.

தன் மீசையே திரையிலிருந்து தன்னைப் பார்க்கும்போது மனுஷன் என்னவென்று மழுப்புவார்? "ஸ்டேஷன்லதான் மேடம்" என்று முனகினார். ரிமாண்ட் கிடையாது என்று மாஜிஸ்ட்ரேட் சொல்லிவிட்டார். கை உடைந்தது எப்படி என்று விசாரிக்கவும் உத்தரவு எழுதினார்.

வராந்தாவில் ஜெபசீலன் பஷீராவை ஓரங்கட்டினார். குரலில் அப்படி ஒரு பாசம். குடும்பத்துப் பொண்ணு, கோர்ட்டு கேசுன்னு எதுக்கும்மா அலையணும், அந்த வீடியோவை டெலீட் பண்ணிடு என்றார்.

பஷீரா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க எடுத்ததுலயே இதான் சார் நல்லா வந்துகீது. இதப் போயி அழிப்பாங்களா?"