குழல் என் பாகம்

அப்பா செத்துக் கருமாதி முடிந்த கையோடு சொத்தைப் பிரிக்க உட்கார்ந்த பெரிய மனிதர்கள் துப்பாக்கியையும் பிரித்தார்கள். சிரிக்க வேண்டாம். அது ரட்டைக்குழல் துப்பாக்கி. விசையைத் தள்ளினால் குழல் தனியாக, கட்டை தனியாக வந்துவிடும். கட்டையும் லைசென்ஸும் மூத்தவன் வீரய்யாவுக்கு. குழலும், தோட்டா அடைக்கிற சாமான்களும் இளையவன் சேவுகனுக்கு, அதாவது எனக்கு. "ஒருத்தனை விட்டு ஒருத்தன் சுட முடியாது. இனி ஒத்துமையா இருப்பாய்ங்க" என்றார் கீரமங்கலத்துப் பெரியம்பலம், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே.

ஒற்றுமையாகத்தான் இருந்தோம், கீரியும் பாம்பும் போல. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தோம். கிணற்றைப் பிரிக்க முடியவில்லை, கோர்ட்டுக்குப் போனோம். ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. ஆயுத பூஜைக்கு அவன் வீட்டில் கட்டைக்குச் சந்தனம், என் வீட்டில் குழலுக்குச் சந்தனம். சரஸ்வதிக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்தத் துப்பாக்கி முழுசாகும். புதுக்கோட்டைக்கு வெளியே செம்புராங்கல் பொட்டலில் தட்டுச் சுடும் போட்டி நடக்கும். களிமண் தட்டை ஒரு விசைப்பொறி ஆகாயத்தில் வீசும், பறக்கும்போதே உடைக்க வேண்டும். ஜோடியாகத்தான் சேர முடியும், ஆளுக்கு இருபத்தைந்து தட்டு. அப்பா சமஸ்தானக் காலத்தில் வாங்கிய வெள்ளிக் கோப்பை இரண்டு உண்டு. பங்கில் ஆளுக்கு ஒன்று வந்தது. மூன்றாவது கோப்பை யார் கையால் வருகிறது என்பதில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் வெறி. அதற்காக வருஷத்துக்கு ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பொறுத்துக்கொண்டோம்.

ஐம்பத்தேழாம் வருஷப் போட்டிக்கு வெடிமருந்து வாங்கியது வீரய்யா. லைசென்ஸ் கையில் இருப்பவனுக்குத்தான் கடையில் மருந்து கொடுப்பார்கள். முந்திரித் தோப்புக் காவல்காரன் மூக்கன் கையில் டப்பாவைக் கொடுத்தனுப்பினான். "அம்பது அளவு இருக்காம். சிந்தாமச் செதறாம அடைக்கச் சொன்னாக" என்றான் மூக்கன். எனக்குப் புத்தி சொல்கிறானாம். தோட்டா அடைப்பதில் அப்பாவுக்கு அடுத்தபடி நான்தான் என்பது ஆலங்குடி வரைக்கும் தெரியும்.

எங்கள் பக்கம் களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டோம். முதல் மரக்காலுக்கு "லாபம்" என்போம், அப்புறம்தான் இரண்டு, மூன்று. நடுவில் பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை அறுந்தால் மறுபடி லாபத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்பா மருந்தையும் நெல் மாதிரியே அளப்பார், நானும் அப்படித்தான். துளை போட்ட பலகையில் வரிசைக்குப் பத்தாக ஐம்பது காகிதக் குப்பிகளை நிறுத்தி வைத்தேன். சின்னப் பித்தளை அளவையால் ஒவ்வொன்றிலும் மருந்து விட வேண்டும். மேலே அட்டை வைத்துக் குத்தி, ஈய ரவை போட்டு, வாயை மடித்தால் தோட்டா.

மூன்று வரிசை முடிந்தது. நாலாவது வரிசையில் "லாபம்" என்று முதல் குப்பியில் மருந்தை விட்டேன். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் உலக்கைச் சத்தம் கேட்டது. மிளகாய் நெடி மூக்கில் ஏறியது, நாலு தும்மல் போட்டேன். எழுந்து சுவரோரம் போய்க் கத்தினேன்.

"மொளகா இடிக்க வேற நேரமே கிடைக்கலையா மதினி?"

"எங்க வீட்டு ஒரல்ல இடிக்கக்கூட ஒங்க லைசென்ஸ் வேணுமா கொழுந்தனாரே?" என்றாள் வீரய்யாவின் பெண்டாட்டி பிச்சையம்மாள். "மறந்துட்டேன், லைசென்ஸும் எங்க வீட்லதான இருக்கு!"

அவள் சிரித்த சிரிப்பு என் உச்சந்தலையில் ஏறியது. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அளவையில் மருந்தை எடுத்து, "லாபம்" என்று முதல் குப்பியில் விட்டேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோபக்காரனுக்குக் கண் ஏது?

கடைசி வரிசையில் கடைசிக் குப்பிக்கு வந்தபோது டப்பா காலி. ஒரு அளவு குறைகிறது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வாங்கினது வீரய்யா அல்லவா, குறையாமல் இருந்தால்தான் அதிசயம். அட்டை குத்தும்போது ஒரு குப்பி மட்டும் இறங்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. அதை அவன் மண்டை என்று நினைத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன், இறங்கிவிட்டது. நாற்பத்தொன்பது தோட்டாவையும் பையில் கொட்டிக் கட்டினேன்.

போட்டி நாள் காலையில் பஸ் ஏறினோம். கட்டையைக் கோணிச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவன் முன்சீட்டில், குழலை வேட்டியில் சுற்றிக்கொண்டு நான் பின்சீட்டில். கண்டக்டர் என் பொட்டலத்தைத் தட்டிப் பார்த்தார்.

"துப்பாக்கியாங்க? யாருது?"

"கட்டை என்னுது" என்றது முன்சீட்டு.

"கொழல் என்னுது" என்றேன் நான்.

"பையில?"

"தோட்டா. அடைச்சது நானு. மருந்து குறைச்சலா வாங்கினது முன்சீட்டுக்காரரு."

கண்டக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டையும் மாட்டாம இருக்குற வரைக்கும் எனக்கு நிம்மதிங்க" என்று விசில் ஊதினார். பஸ் இரைச்சலில் நான் கடைசியாகச் சொன்னது வீரய்யா காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அங்கேயே எல்லாம் வெளிவந்திருக்கும்.

ஆலங்குடியில் ஒரு போலீஸ்காரர் ஏறி லைசென்ஸ் கேட்டார். வீரய்யா எடுத்துக் காட்டினான். என்னைக் காட்டி, "இவரு யாரு?" என்றார் அவர்.

"லைசென்ஸ்ல ரெண்டாவது பேரு" என்றான் வீரய்யா.

தம்பி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நானும் அவனை அண்ணன் என்று சொல்லியிருக்க மாட்டேன்தான். ஆனாலும் வலித்தது. புதுக்கோட்டை வரைக்கும் அதையே மென்றுகொண்டு வந்தேன்.

பொட்டலில் கூட்டம். பட்டாளத்திலிருந்து வந்த சூசைராஜ்தான் போட்டியை நடத்துகிறவர். குரலும் மீசையும் பட்டாளத்திலேயே நின்றுவிட்டவை. எங்கள் பெயரைக் கூப்பிட்டதும் வீரய்யா கட்டையை நீட்டினான், நான் குழலை மாட்டினேன். லைசென்ஸில் முதல் பெயர் அவனுடையது என்பதால் அவன்தான் முதலில் சுட வேண்டும். தோட்டாவை எண்ணி அவனுக்கு இருபத்தைந்து வைத்தேன். பையில் இருபத்துநாலு மிச்சம். அதை அவன் பார்த்துவிட்டான்.

"ஒண்ணு எங்கன்னு கேளுங்க" என்றான் சூசைராஜிடம்.

"மருந்து பத்தலன்னு சொல்லுங்க" என்றேன் நானும் அவரிடமே.

"பத்தலையா? அப்பா அளவையால அம்பதுக்கு எவ்வளவு நிக்கும்னு எனக்குத் தெரியாதா? கடைக்காரன் தராசுல நிறுத்தான், நான் பக்கத்துல நின்னு முள்ளைப் பாத்தேன். ஒரு குன்றிமணி குறையல. திருடித் தின்ன மருந்து எங்கன்னு கேளுங்க!"

திருடன் என்ற சொல்லுக்கு அவனை அங்கேயே அடித்திருப்பேன். கையை ஓங்கிவிட்டேன். ஓங்கின கை அப்படியே நின்றது. வீரய்யா ஆயிரம் கெட்டவன், தராசு முள் விஷயத்தில் பொய் சொல்ல மாட்டான். டப்பாவில் ஐம்பது அளவு இருந்திருந்தால், குறைந்த ஒன்று எங்கே போனது? மிளகாய் நெடி ஞாபகம் வந்தது. இரண்டு லாபம் ஞாபகம் வந்தது. இறங்க மாட்டேன் என்ற அந்த அட்டை ஞாபகம் வந்தது.

இந்த நாற்பத்தொன்பதில் ஒன்றில் இரண்டு அளவு மருந்து இருக்கிறது. அப்பா காலத்துக் குழல் அதைத் தாங்காது. வெடித்தால் கன்னத்தை ஒட்டி வெடிக்கும்.

வாய் மடிப்பை வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்று பார்த்தேன். எல்லாம் மூன்று தடவை அடைத்த பழைய குப்பிகள், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி மடிந்திருந்தது. சூசைராஜிடம் சொல்லலாமா? என்னவென்று சொல்வது? கிணற்றுக் கேஸ் நடக்கிறது, ஊருக்கே எங்கள் பகை தெரியும். அண்ணன் சுடப்போகிற தோட்டாவில் தம்பி இரட்டை மருந்து அடைத்திருக்கிறான் என்றால், கை தவறியது என்று எவன் நம்புவான்? பொட்டலின் ஓரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் கடலை கொறித்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்குள் வீரய்யா ஒரு தோட்டாவைக் குழலில் போட்டு மூடிவிட்டான்.

"இந்த வருசம் நான்தான் மொதல்ல சுடணும்!" என்று கத்தினேன்.

"முடியாதுன்னு சொல்லுங்க" என்றான், கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே.

பாய்ந்து குழலைப் பிடித்தேன். கூட்டம் ஓவென்று பின்னால் சாய்ந்தது. சூசைராஜ், "யோவ்! ஆகாசத்தைப் பாத்துத் தூக்கு!" என்று அலறினார். நான் துப்பாக்கியை மடக்கினேன். தோட்டா வெளியே வந்து வீரய்யாவின் காலடியில் விழுந்தது. விசையைத் தள்ளிக் குழலை உருவிக்கொண்டேன். மேஜைமேல் இருந்த தோட்டாக்களை வாரிப் பையில் போட்டேன்.

"கொழல் என் பாகம்! நான் குடுக்கல! பெரிய மனுசங்க எழுதுன பத்திரம் இருக்கு!"

"பேடி! நான் செயிச்சிருவேன்னு வயித்தெரிச்சல்!" என்று வீரய்யா கத்தினான். நேராக என்னைப் பார்த்துச் சொன்னான். ஆறு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் சொல் அதுதான். எங்கள் ஜோடியைப் போட்டியிலிருந்து நீக்கியதாகச் சூசைராஜ் அறிவித்தார். இனி எந்த வருஷமும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். மூன்றாவது கோப்பை மண்ணோடு போனது.

நான் வீட்டுக்கு வந்து சேரும் முன்பே செய்தி வந்துவிட்டது. டீக்கடையில், "ஏ கொழலு, கட்டையக் காணோமாம்ல?" என்று ஒருவன் கேட்டான், பத்துப் பேர் சிரித்தார்கள். நிற்காமல் வீட்டுக்கு நடந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கீறி, மருந்தை அளவையில் கொட்டிப் பார்த்தேன். ஒன்றில் ஒரு அளவு. அடுத்ததில் ஒரு அளவு. நாற்பத்தெட்டிலும் சரியாக ஒரு அளவுதான்.

மிச்சம் ஒன்று. அவன் குழலில் போட்டது, காலடியில் விழுந்தது. முதல் வெடியே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

குழல் என்னிடம் இருக்கிறது, நமக்கென்ன என்று உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவன் மாமனார் வீட்டில் ஒரு துப்பாக்கி உண்டு, மாதத்தில் இரண்டு நாள் முயல் சுடப் போவான். அவன் செத்தால் நான் அழுவேனா என்று கேட்டால் தெரியாது. என் கை அடைத்த தோட்டாவால் சாகக் கூடாது, அவ்வளவுதான். சட்டையைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

வாசலில் பிச்சையம்மாள் நின்றாள். "என்ன கொழுந்தனாரே, வழி தெரியாம இங்கிட்டு வந்துட்டீங்களா?"

அவளைத் தாண்டி உள்ளே போனேன். வீரய்யா தரையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு பித்தளைத் தட்டு. கீறிய காகிதக் குப்பி ஒரு பக்கம், ரவை ஒரு பக்கம், நடுவில் மருந்துக் குவியல். பெரிய குவியல்.

"கீழ கெடந்ததைக் கையில எடுத்தப்பவே கனம் தெரிஞ்சுச்சு" என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டே. "இதைத் தேடித்தான வந்த?"

"ஆமா."

"தெரிஞ்சு போட்டியா?"

"இல்ல. லாபம் ரெண்டு தடவை விழுந்திருச்சு. மொளகா நெடி..."

"இப்பப் பழி எந்தலையிலயா?" என்றாள் பிச்சையம்மாள். அவன் கையைக் காட்டி அவளை அடக்கினான்.

"அங்கயே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நம்பியிருப்பியாண்ணே?"

அண்ணே என்று எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"மாட்டேன்" என்றான்.

"இப்ப நம்புறியா?"

அவன் தோட்டாவில் இருந்த வட்ட அட்டையை எடுத்து, அதன் விளிம்பால் மருந்துக் குவியலை நடுவில் பிளந்தான். கூடுதல் குறைச்சல் பார்த்து இங்கிட்டும் அங்கிட்டும் ஒதுக்கினான். ஒரு பாதியைக் காகிதத்தில் மடித்து என் பக்கம் தள்ளினான்.

"ஒம் பாகம்" என்றான். "கெணத்துக் கேசு வாய்தா இருவத்திமூணாந் தேதி. வந்து சேரு."

முகத்தில் விட்டெறியலாமா என்று இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அளவையில் கொட்டிப் பார்த்தேன், தலை தட்டி ஒரு அளவு. பலகையில் காலியாக நின்ற ஐம்பதாவது குப்பியில் அதை விட்டேன். இந்தத் தடவை வாய் திறந்து எண்ணவில்லை.