நாலாவது மாடியிலிருந்து ஒரு வயர்

…ஆக இரண்டு மிளகாய் அடுப்பு, மிஞ்சிப்போனால் இரண்டரை, இந்தக் கார் குடிக்கிற கரண்ட் அவ்வளவுதான், இதற்கா மூன்று மாதமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டேன், என்று கமென் பால்கனியில் நின்றபடி நீளமான ஒரு சிவப்புக் குடைமிளகாயை, அதைச் சுடுவதற்கென்றே இருக்கிற மின்சார அடுப்பின் குழிக்குள் இறக்கி மூடியைப் போட்டான். கிலோ என்று தொடங்கி வேறெதிலோ போய் முடிகிற அந்த மின்சாரச் சொற்களைப் படிக்கும்போதெல்லாம் அவனுக்குக் கொட்டாவிதான் வந்தது, இன்று காலையில்தான் அடுப்பின் அடித்தகட்டைத் துடைத்து அதிலிருந்த எண்ணைப் படித்து, கார் இழுக்கிற கரண்ட்டின் எண்ணை இதன் எண்ணால் வகுத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது, அட, மிளகாய் சுடுகிற இந்தக் கப்ரோவோ ஊரில் பிறந்த எவனுக்கும் புரிகிற கணக்கு, இதை ஏன் ஒரு பயலும் சொல்லவில்லை… வெள்ளைக் கார் கீழே நின்றது, நாலாவது மாடியிலிருந்து அவன் தொங்கவிட்ட ஆரஞ்சு வயர் அதன் மூக்கு வரை போய்ச் சேர்ந்திருந்தது. திங்கட்கிழமை மனைவி தில்யானா மலைக்கு அந்தப் பக்கம் கசான்லக் மருத்துவமனையில் தலைமைச் செவிலியாகச் சேர வேண்டும், வருடக்கணக்காகக் காத்திருந்த வேலை, நடுவில் ஷிப்கா கணவாய், பழைய டீசல் கார் மூன்று மாதம் முன்பே உயிரை விட்டுவிட்டது, பஸ் அவள் வேலை நேரத்துக்கு ஒத்துவராது, பல் டாக்டர் மினெவ் தன் மின்சாரக் காரை விற்கிறேன், நாளை மாலை வரை வைத்துப் பாருங்கள் என்று நேற்று சாவியைக் கொடுத்துவிட்டார், இன்று மாலை அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும், கார் வேண்டாமென்றால் வேலையும் கைநழுவிப் போகும். “நீதான் படிக்கிற ஆளு, நம்பகமா விசாரிச்சு சொல்லு, நீ சொல்றதுதான் முடிவு” என்று அவள் சொல்லியிருந்தாள், இத்தனை வருடக் குடித்தனத்தில் அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை, ஜன்னல் திரையின் நிறத்துக்குக்கூட அவனை அவள் கேட்டதில்லை, அந்தப் பெருமையில் அவன் இரண்டு நாள் தூங்கவில்லை, பிறகு பயத்தில் தூங்கவில்லை.

யாரை நம்புவது? பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவன், வருடா வருடம் பிள்ளைகளிடம் தொண்டை கிழியச் சொல்கிறவன், ஒரு தகவல் வந்தால் முதலில் கேளுங்கள், சொல்கிறவர் யார், அங்கே இருந்தாரா, இதைச் சொல்வதில் அவருக்கு என்ன லாபம்… சரி, கேட்டுப் பார்த்தான். மினெவ் சொன்னார், தங்கமான கார், வெண்ணெய் மாதிரி போகும், ஆனால் அவர் விற்கிறவர், விற்கிறவர் வேறென்ன சொல்வார், அதே வாயால்தான் போன வருடம் கொஞ்சம்கூட வலிக்காது என்றும் சொன்னார். மச்சான் ஸ்தொயில் ஸ்லிவென் நகரில் டீசல் வண்டிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன், “மாப்ளே, அது காரே இல்ல, சக்கரம் வெச்ச குண்டு, மழையில ஷாக் அடிக்கும், கணவாய் ஏறும்போது பாதி வழியில படுத்துக்கும், என் தங்கச்சிய பனியில நிறுத்தப் போறியா?” என்றான், ஆனால் அவனுக்கோ டீசலில்தான் சோறு. இணையத்தில் போலந்துக்காரத் தாடிக்காரன் ஒருவன் குளிரில் பேட்டரி எத்தனை சதவீதம் இளைக்கும் என்று தசமப் புள்ளி வைத்துச் சொன்னான், கமென் அவனை மனதாரக் காதலித்தான், மூன்றாம் வாரத்தில்தான் தெரிந்தது தாடிக்காரன் பனிக்கால டயர் விற்கிறான் என்று, அன்று அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருவன் பத்து வருடம் உழைக்கும் என்றான், இன்னொருவன் பத்தே மாதம் என்றான், இருவரும் ஒரே மாதிரி கண்ணைப் பார்த்துப் பேசினார்கள், இருவருக்கும் நல்ல பல்வரிசை… மலை ஏற ஏற இளைக்கிற பேட்டரி இறங்கும்போது தானே தேறிக்கொள்ளும் என்கிறார்களே, அது மட்டும் நிஜமா, மனிதனுக்கே அப்படி நடப்பதில்லையே?

மிளகாயைத் திருப்ப மறந்துவிட்டான், ஒரு பக்கம் கரி, எடுத்துச் சட்டியில் போட்டு மூடினான், தோல் வெந்து கழன்றுகொள்ளட்டும், தில்யானா குளிர்காலத்துக்கு மிளகாய் அடைத்து வைக்கிற ஜாடிகளுக்கு மூடி வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள், வருவதற்குள் இந்தக் கூடை முடிய வேண்டும்… கடைசியில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது, ஊரார் வாயை நம்புவானேன், முதல்நிலைச் சான்றைத் தானே உண்டாக்கிக்கொண்டால் ஆயிற்று, ஒரு காலை முழுக்க வீட்டுக் கரண்ட்டில் போட்டுப் பார்ப்பது, எவ்வளவு ஏறுகிறது என்று தன் கண்ணால் பார்ப்பது, தன் கையால் எழுதுவது. நேற்று மாலை தில்யானாதான் காரை வீட்டுக்கு ஓட்டி வந்தாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேட்டரி பற்றிய வீடியோவில் மூழ்கியிருந்தான், பாலத்துக்கிட்ட சிக்னலில் அவள் ஏதோ சொன்னாள், அவன் கையைக் காட்டி, இரு, இரு, இந்த ஆள் முக்கியமான விஷயம் சொல்றான் என்று… எதற்கு இப்போது அது ஞாபகம் வருகிறது. அடுத்த மிளகாயை இறக்கினான். வலப்பக்கம் புகை, இடப்பக்கம் புகை, எதிர்க் கட்டடத்தில் பால்கனிக்குப் பால்கனி புகை, செப்டம்பர் சனிக்கிழமையன்று இந்த ஊரில் மிளகாய் சுடாதவன் ஒன்று நோயாளி, இல்லையென்றால் வெளியூர்க்காரன், அப்படியானால் இந்த ஒரு கட்டடத்தில் மட்டும் எத்தனை அடுப்பு, அத்தனை அடுப்போடு இன்னொரு இரண்டரை… கை மூடியிலேயே நின்றது. ஐயோ. இன்றைக்கா வயரைத் தொங்கவிட்டேன்?

டப்பென்று எங்கோ கீழே ஒரு சத்தம். ரேடியோக்கள் ஒரே நொடியில் வாயை மூடின, லிஃப்டுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள், பிறகு மாடிக்கு மாடி தலைகள் எட்டிப் பார்த்தன, பார்த்த கண்களெல்லாம் ஆரஞ்சு வயரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே ஏறி அவன் முகத்தில் வந்து நின்றன. “வாத்தியாரே!” என்று மூன்றாவது மாடி பென்கா அக்கா கத்தினாள், “என் மொளகாயெல்லாம் பாதி வேக்காட்டுல நிக்குது, ஒங்க காரு மொத்தத்தையும் உறிஞ்சிருச்சா?” அக்கா, கார் வெறும் இரண்டரை அடுப்புதான், நாம் எல்லாரும் சேர்ந்து எத்தனை என்று பாருங்கள் என்று அவன் தொடங்கினான், அக்காவோ, “என் அடுப்பு முப்பது வருசமா எரியுது, ஒரு நாள் ஃபியூஸ் போனதில்ல, நேத்து வந்த காரு இன்னிக்கு எடுத்துருச்சு, இதுக்கு மேல என்ன கணக்கு?” என்று கேட்டாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லையே, போன வருடமும் இதே அடுப்புகள்தான், ஃபியூஸ் போகவில்லையே, அப்படியானால் கார்தானா… சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினான். பென்கா அக்கா அதற்குள் யாருக்கோ போன் போட்டு, ஸ்லிவெனில் இருக்கிற தன் தங்கைக்குத்தான் போலிருக்கிறது, நடந்ததைச் சுடச்சுடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யாரோ இறங்கிப் போய் ஃபியூஸைப் போட்டுவிட்டு வந்தார்கள், அடுப்புகள் மறுபடி காய்ந்தன, அவன் மட்டும் ஆறிய மிளகாய்களின் முன்னால் நின்றான், சான்று என்ன சொல்கிறது, கமென், சொல், வேண்டுமா வேண்டாமா… போன் அடித்தது. ஸ்தொயில். “மாப்ளே, கையெழுத்து போட்டுட்டியா? போடாத! ஒங்க ஊர்லயே, இன்னிக்கே, ஒரு பேராசிரியர் வீட்டுல மின்சாரக் காரு சார்ஜ் போட்டு மொத்தக் கட்டடமும் இருட்டாயிருச்சாம், லிஃப்டுல ஆளு மாட்டிக்கிச்சாம், பால்கனியில ஒரே பொகையாம்!” புகையா, அது மிளகாய்ப் புகை மச்சான், அந்தப் பேராசிரியர் நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தான், வந்தது வேறு, “யாரு சொன்னா?” “நம்பிக்கையான எடம், மாப்ளே. கிட்ட இருந்து கண்ணால பாத்தவங்க. அவங்களுக்கு இதுல என்ன லாபம், நீயே சொல்லு!” நியாயமான கேள்வி, அவன் வகுப்பில் கேட்கிற அதே கேள்வி, அதற்குச் சரியான பதிலும் வந்துவிட்டது, ஒரு லாபமும் இல்லாத, நேரில் பார்த்த, உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லாத சாட்சி… மூன்று மாதமாகத் தேடியது இதைத்தானே. வெட்கக்கேடு என்னவென்றால் அந்த நிமிடம் அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று போனைக் காதில் வைத்தபடியே பால்கனிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து கீழே எட்டிப் பார்த்தான்.

கார் எரியவில்லை. கூரையில் ஒரு மிளகாய்த் தோல் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். உள்ளே தில்யானா, பக்கத்து இருக்கையில் ஜாடி மூடிகள் இருந்த பை, அவள் இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி, தலைமுடியை ஒருமுறை ஒதுக்கிக்கொண்டிருந்தாள், வேலைக்குக் கிளம்புகிறவள் போல. பிறகு கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்தாள். “கமென்! வயரக் கழட்டிட்டேன், மேல இழுத்துக்கோ! நான் கணவாய் வரைக்கும் போய்ட்டு வரேன்!” சார்ஜ் போதுமா என்று கத்த நினைத்தான், அவன் குறித்து வைத்திருந்த எண் எந்தத் தாளில் இருக்கிறதென்று தெரியவில்லை, கார் அதற்குள் சத்தமே இல்லாமல் நகர்ந்து பாலத்துப் பக்கம் திரும்பியது, “மாப்ளே, மாப்ளே, இருக்கியா?” என்று ஸ்தொயில் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தான். சிக்னலில் பிரேக் விளக்கு சிவந்தது. நேற்று இதே இடத்தில்தான், இந்தக் காரை ஓட்டிக்கொண்டே, அவள் ஏதோ சொன்னாள்… தாடிக்காரன் சொன்ன குளிர்காலச் சதவீதம் புள்ளியோடு ஞாபகம் இருக்கிறது, மழை, ஷாக், பத்து வருடம், பத்து மாதம், எல்லாம் வரிசையாக ஞாபகம் இருக்கிறது, அவள் சொன்னது மட்டும்… சிரித்துக்கொண்டே சொன்னாள், அது நிச்சயம், ஸ்டியரிங்கை ஒரு கையால் தட்டிக்கொடுத்தாள், வாய் அசைந்தது, என்ன சொன்னாள்? விளக்கு பச்சையானது. அவன் வயரை மேலே இழுக்கத் தொடங்கினான், அது பென்கா அக்காவின் துணிக்கொடியில் போய் மாட்டிக்கொண்டது.